பந்தைப் பார்க்காதவர்கள்

அமெரிக்கன் ஃபுட்போல் மட்ச் ஒன்றை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஒரு பகுதியில் நடக்கும் மட்சுகளுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த மத்தியஸ்தர் எங்கே போக வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்தப் பட்டியலின் பாதி வேலை யாழ்ப்பாணத்தில் என்னுடைய அறையில்தான் நடக்கிறது. சொன்னால் பச்சில் ஒருத்தரும் நம்புவதில்லை. "உனக்கென்னடி அதில?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனவர். அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இந்த விளையாட்டில் சேர்ந்தார். மூன்றாம் வருடம் முழங்கால் போய்விட்டது. விளையாட முடியாது, விட்டுவிடவும் மனமில்லை. அப்போது யாரோ ஒருவர் கையில் ஒரு விசிலும் வெள்ளை கறுப்புக் கோடு போட்ட சட்டையும் கொடுத்திருக்கிறார். அப்படித்தான் அவர் மத்தியஸ்தர் ஆனார். நாலு வருடத்தில், வேறு ஒருத்தரும் முன்வராததால், தன்னுடைய பகுதியில் மத்தியஸ்தர்களை மட்சுகளுக்குப் பிரித்து அனுப்புகிற பொறுப்பும் அவருடைய தலையில் விழுந்தது. எக்செல் கொஞ்சம் தெரியும் என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்தார். "தங்கச்சி, ஒரு ரெண்டு கிழமைக்கு மட்டும் செய்து தாறியா?" என்றார். அந்த ரெண்டு கிழமை இன்னும் முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுடைய உதைபந்தாட்டத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிரப் பெரிய உறவில்லை. றக்பிதான் கிட்டத்துச் சொந்தம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போகும். ஒவ்வொரு வாய்ப்பும் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிக்குள் 22 பேரும் ஒரே நேரத்தில் மோதுகிறார்கள். இலங்கைக்கும் இது முழுக்கப் புதிதில்லை. 2012இல் ஆடிய இந்திய எலைற் லீக்கில் 'கொழும்பு லயன்ஸ்' என்று ஒரு அணி இருந்தது. பிரித்தானியாவில் 1982இல் சனல் 4 இந்த மட்சுகளைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் இது பரவியது. 1986இல் சிக்காகோ பெயர்ஸ், டலஸ் கவ்போய்ஸ் என்ற இரண்டு பெரிய அணிகள் வெம்பிளியில் வந்து ஆடின. அந்தக் காலத்தில் ஊர் ஊராகக் கழகங்கள் முளைத்தன. அமெரிக்காவில் இது கோடிக்கணக்கான டொலர் புரளும் தொழில். அண்ணா இருக்கிற இடத்தில் ஆடுகிறவர்களே கைக்காசு போட்டுத்தான் ஆடுகிறார்கள். மத்தியஸ்தர்களுக்குப் பெற்றோல் செலவு வந்தாலே பெரிய விஷயம்.

இப்படி ஒரு சங்கத்தை நடத்துவது என்றால் என்ன வேலை என்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. ஷீற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே பல நிரல்கள்: வீடு எங்கே, கார் இருக்கா, எத்தனை வருட அனுபவம், எந்த இடத்தில் நிற்கப் பழகியவர், எந்த ஞாயிறு வரமுடியாது. கடைசியில் இன்னொரு நிரல்: "யாரோடு தொடர்பு". முன்பு ஆடிய கழகம், மகன் ஆடுகிற கழகம், மனைவி பொருளாளராக இருக்கிற கழகம் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கழகத்தின் மட்சுக்கு அவரைப் போடக்கூடாது. அண்ணாவையே அவருடைய பழைய பல்கலைக்கழக மட்சுக்கு நான் போட முடியாது.

பட்டியல் முடிந்தாலும் வேலை முடியாது. வியாழன் இரவு ஒருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். வெள்ளி காலை இன்னொருவருக்கு வேலையில் ஷிப்ற் மாறிவிட்டது. அங்கே இரவு 9 மணி என்றால், கோடையில் எங்களுக்கு விடிய 1.30. "தங்கச்சி முழிப்பா?" என்று வட்ஸ்அப் வரும். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு, 60 மைல் தள்ளி இருக்கிற ஒருவரைச் சம்மதிக்க வைத்து, அவரை ஏற்றிக்கொண்டு போக இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். இதைவிட வருடாந்தச் சட்டப் பரீட்சை, புதியவர்களுக்கான வகுப்பு, காப்புறுதி, கழகங்களிடமிருந்து வருகிற முறைப்பாடுகள். அண்ணாவின் ஆட்களில் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் இருக்கிறார், குழாய் திருத்துகிற போலந்துக்காரர் இருக்கிறார், ஆரம்பப் பாடசாலை ஆசிரியை இருக்கிறார். ஒருவருக்கும் இது தொழில் இல்லை. ஒருவரும் வராவிட்டால் சட்டப்படி கேட்கவும் முடியாது. கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

நான் சமூகவியல் படிக்கிறவள். இந்த ஷீற்றோடு இருந்து இருந்து எனக்கு விளங்கிய ஒரு விஷயம் இருக்கிறது. அது விளையாட்டைப் பற்றியது மட்டும் இல்லை.

அண்ணா புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கிற சூம் கூட்டத்தில் நானும் ஒருநாள் இருந்தேன். முதல் பாடமே எனக்கு வித்தியாசமாக இருந்தது: "பந்தைப் பார்க்காதே." மைதானத்தில் எல்லாரும் பார்ப்பது பந்தைத்தான். ஆடுகிறவர், கோச், சனம், கமரா எல்லாம். மத்தியஸ்தரும் அதையே பார்த்தால், பந்து இல்லாத இடத்தில் ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடித்து இழுப்பதை யார் காண்பது? அதனால் ஆளாளுக்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை மத்தியஸ்தர் பந்து எறிகிறவருக்குப் பின்னால் நிற்பார். மற்றவர்களுக்குக் கறுப்புத் தொப்பி. இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் நின்று கோட்டைப் பார்ப்பார்கள். ஒருவர் தூரத்தில் பின்னுக்கு நின்று ஓடிவருகிறவர்களைப் பார்ப்பார். என்.எஃப்.எல்.இல் இப்படி 7 பேர். அமெரிக்கப் பாடசாலை மட்சுகளில் பெரும்பாலும் 5 பேர். அண்ணாவுக்குச் சில ஞாயிறுகளில் 3 பேர்தான் கிடைப்பார்கள்.

அதாவது ஒவ்வொருவரும் மட்சின் ஒரு துண்டைத்தான் காண்கிறார்கள். முழு மட்சையும் எந்தத் தனி மத்தியஸ்தரும் காண்பதில்லை. தன் துண்டை ஒழுங்காகப் பார்த்தால் மற்றத் துண்டை மற்றவர் பார்ப்பார் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைதான் அந்தச் சங்கத்தின் முதல்.

கொடியின் கதையும் எனக்குப் பிடித்தது. யாராவது தவறு செய்தால் மத்தியஸ்தர் மஞ்சள் துணி ஒன்றை நிலத்தில் எறிவார். முந்தி அப்படி இல்லை, ஊதுகுழல் ஊதுவார்கள். கத்துகிற சனத்துக்குள் அது யாருக்குக் கேட்கும்? ஒஹையோவில் யங்ஸ்ரவுன் கல்லூரியின் கோச்சாக இருந்த டுவைற் பீட் 1941இல் இதற்கு ஒரு வழி யோசித்தார். அவருடைய மனைவி இர்மா வீட்டில் கிடந்த சிவப்புத் துணியையும் வெள்ளைக் கட்டில் விரிப்பையும் வெட்டி, பாரத்துக்கு ஈயம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்த ஒக்டோபரில் ஒரு மட்சில் அதைப் பாவித்துப் பார்த்தார்கள். 1948இல் என்.எஃப்.எல். அதை எடுத்துக்கொண்டது. மஞ்சள் நிறம் வந்தது 1965இல். கோடு போட்ட சட்டைக்கும் இப்படித்தான் ஒரு கதை. 1920இல் லொயிட் ஓல்ட்ஸ் என்ற மத்தியஸ்தர் வெள்ளைச் சட்டையோடு நின்றபோது, அவரைத் தன்னுடைய ஆள் என்று நினைத்து ஒருவன் பந்தை அவருக்கே கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அவர் கோடு போட்ட சட்டை தைப்பித்தார். இரண்டையும் மேலே இருந்து ஒரு அதிகாரி கண்டுபிடிக்கவில்லை. மைதானத்தில் நின்று கஷ்டப்பட்டவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கண்டுபிடித்தார்கள்.

கொடியில் இன்னும் ஒரு விஷயம் இருக்கு. எறிந்த கொடியைத் திரும்ப எடுக்கலாம். எறிந்தவர் தலைமை மத்தியஸ்தரிடம் போய் என்ன கண்டார் என்று சொல்வார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் "நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது தவறில்லை" என்று சொல்லலாம். கூடிக் கதைத்து, தவறில்லை என்று பட்டால், எல்லார் முன்னாலும் கொடியை எடுத்துவிடுவார்கள். அதில் வெட்கம் இல்லை. அண்ணா சொல்கிறார், "கொடி எறியிறது ஈசி. அதை எடுக்க வைக்கிற ஆள் பக்கத்தில நிக்கோணும்."

அப்படிக் கதைக்கப் பழகாத ஆட்களைச் சேர்த்து நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு 2012 ஒரு உதாரணம். ஓய்வூதியம், சம்பளம் தொடர்பான பிணக்கில் என்.எஃப்.எல். தன்னுடைய வழமையான மத்தியஸ்தர்களை வெளியே நிறுத்திவிட்டு, வேறு மட்டங்களிலிருந்து மாற்று ஆட்களைக் கொண்டுவந்தது. செப்ரெம்பர் 24ஆம் திகதி சியற்றிலும் கிறீன் பேயும் ஆடிய மட்ச். கடைசிப் பந்து. இரண்டு அணி வீரர்களும் ஒரே பந்தைப் பிடித்தபடி விழுகிறார்கள். பக்கத்தில் இரண்டு மத்தியஸ்தர்கள். ஒருவர் கையை நேரே தூக்கி டச்டவுன் என்கிறார். மற்றவர் அதே விநாடி கையை ஆட்டி வேறு சைகை காட்டுகிறார். அந்தப் படத்தை இப்போதும் இணையத்தில் பார்க்கலாம். சியற்றில் 14க்கு 12 என்று வென்றது, அமெரிக்கா முழுக்கச் சண்டை. இரண்டு நாளில் பிணக்கு முடிந்து பழைய மத்தியஸ்தர்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் வந்த முதல் மட்சில், பால்டிமோரில், சனம் எழுந்து நின்று கைதட்டியது. மத்தியஸ்தருக்குச் சனம் கைதட்டியதை நான் வேறு எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

மாற்று ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, பக்கம் சாய்ந்தவர்களும் இல்லை. அவர்களுக்கும் விசில் ஊதிய அனுபவம் இருந்தது. அந்த மட்டத்தில், ஒன்றாக நின்று பழகுகிற காலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கைதட்டு யாருக்குக் கிடைத்தது என்று யோசித்தால், தனித்தனி ஆட்களுக்கு இல்லை, வருடக்கணக்கில் கட்டிவைத்த ஒரு ஏற்பாட்டுக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் சொல்ல வந்ததும் இதைத்தான். நடுநிலை என்றால் ஒரு நல்ல மனிசனின் குணம் என்றுதான் நாங்கள் படித்து வந்திருக்கிறோம். திருக்குறளில் அதற்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. ஆனால் வள்ளுவர் அங்கே உவமையாகக் காட்டுவது ஒரு தராசுக் கோலை என்பதை நாங்கள் கவனிப்பதில்லை. தராசு தானாகச் சரியாக இருக்காது. யாரோ செய்ய வேண்டும், அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ஊரில் ஒரு பிரச்சினை என்றால் "ஒரு நல்ல ஆளாப் பாத்து விடுங்கோ" என்கிறோம். கழகச் சுற்றுப்போட்டி என்றால், போட்டியை நடத்துகிற கழகத்தின் ஆளே விசில் ஊதுவார். அவர் உண்மையிலேயே நேர்மையானவராக இருக்கலாம். ஆனாலும் கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்ற்றி கொடுத்தால், "அவன் அந்தப் பக்கத்து ஆள்தானே" என்று ஒருவர் சொல்வார், அதோடு முடிந்தது. அவருடைய நேர்மையைக் காப்பாற்ற எங்களிடம் எதுவும் இல்லை. "யாரோடு தொடர்பு" என்ற நிரல் இல்லை. பக்கத்தில் நின்று "நானும் கண்டனான்" என்று சொல்ல இரண்டாவது ஆள் இல்லை. எல்லாப் பாரத்தையும் ஒரு ஆளின் தலையில் வைத்துவிட்டு, அவர் விழுந்த பிறகு "நல்ல ஆக்கள் இப்ப எங்க இருக்கினம்" என்று கேட்கிறோம்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. போன வருடம் பட்டியலில் 19 வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். கெட்டிக்காரன், பரீட்சையில் நல்ல புள்ளி. ஐந்தாவது மட்சில் ஒரு முடிவுக்காக ஒரு கோச் அவனைத் திட்டியது மட்டுமில்லாமல், மட்ச் முடிந்த பிறகு கார் நிறுத்துகிற இடம்வரைக்கும் பின்னால் போய்க் கத்தியிருக்கிறார். அன்று இரவு பையன் அனுப்பிய மெசேஜ் இரண்டே வரி. நன்றி, இனி வரமாட்டேன். ஷீற்றில் அவனுடைய வரியைச் சாம்பல் நிறமாக மாற்றியது நான்தான். அவனை நான் கண்டதே இல்லை, ஆனாலும் அன்று முழுக்க மனம் சரியில்லை.

இது அந்த ஒரு பையனின் கதை இல்லை. அமெரிக்காவில் பாடசாலை விளையாட்டுகளுக்கான தேசிய சம்மேளனம் 2022இல் ஒரு கணக்குச் சொன்னது. 2018-19 பருவத்துக்குப் பிறகு எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 மத்தியஸ்தர்கள் விலகியிருந்தார்கள். கொரோனாவும் ஒரு காரணம். ஆனால் பெற்றோரும் கோச்மாரும் திட்டுவது முக்கியமான காரணம் என்று அந்தச் சம்மேளனமே திரும்பத் திரும்பச் சொல்கிறது. வெள்ளி இரவில் நடப்பதற்குப் பேர்போன பாடசாலை மட்சுகளைச் சில மாநிலங்களில் வியாழனுக்கும் சனிக்கும் மாற்ற வேண்டி வந்தது, மத்தியஸ்தர் போதாது என்று. மைதானம், வெளிச்சம், பாட்டு, சனம் எல்லாம் தயார். கோடு போட்ட சட்டைக்காரர் ஐந்து பேர் இல்லை.

பையன் போன பிறகு அண்ணா கோபப்பட்டுக் கத்தவில்லை. கழகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு போனது. அதைவிட, பட்டியலில் சில புது வழக்கங்கள் வந்தன. புதியவர் முதல் ஆறு மட்சும் அனுபவம் உள்ள ஒருவரின் பக்கத்து இடத்தில்தான் நிற்பார். மட்ச் முடிந்தால் ஒருவரும் தனியாகக் காருக்குப் போகக்கூடாது, எல்லாரும் ஒன்றாகத்தான் வெளிக்கிட வேண்டும். போகிற வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் 20 நிமிடம் இருந்து அன்றைய மட்சைக் கதைக்க வேண்டும். இந்தக் கடைசி வழக்கம்தான் ஆட்களை வைத்திருக்கிறது என்கிறார் அண்ணா. "காசுக்கு ஒருத்தரும் வாறேல்ல. அந்த இருவது நிமிசத்துக்குத்தான் வருகினம்."

சங்கம் என்ற ஒன்று கதவைத் திறந்து வைத்திருந்தால் யார் யாரெல்லாம் உள்ளே வரலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் சாரா தோமஸ். 1996இல் மிசிசிப்பியில் அவருடைய சகோதரர் உள்ளூர் மத்தியஸ்தர் சங்கக் கூட்டம் ஒன்றுக்குப் போனார். சாராவும் கூடப் போனார். பெண்களும் இதைச் செய்யலாமா என்று கேட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். பாடசாலை மட்ச், பிறகு கல்லூரி மட்ச், 2015இல் என்.எஃப்.எல்.இன் முதல் நிரந்தரப் பெண் மத்தியஸ்தர், 2021 பெப்ரவரியில் சூப்பர் போலில் நின்ற முதல் பெண். 25 வருடம். தொடக்கம், கதிரைகள் போட்டுச் சட்டப் புத்தகம் படிக்கிற ஒரு சாதாரண ஊர்க் கூட்டம். அந்தக் கூட்டத்தைக் கூட்டுவதற்கு ஒரு செயலாளர் அறை பிடித்து, ஆட்களுக்குப் போன் எடுத்திருப்பார். அவருடைய பெயர் எங்கேயும் வராது. ஷீற் செய்கிற எனக்கு அந்த ஆளைத்தான் அடிக்கடி நினைவு வருகிறது.

இவ்வளவும் யோசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பீடத்தில் பச்சுகளுக்கிடையே பெண்களுக்கான வலைப்பந்தாட்டம் நடக்கும். அந்த விளையாட்டுக்கு இரண்டு மத்தியஸ்தர்கள். ஆளுக்கு மைதானத்தில் ஒரு பாதி. போன முறை நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னப் பட்டியல் போட்டோம். சட்டங்களும் சின்னதுதான். சொந்த பச் ஆடுகிற மட்சுக்கு நிற்கக்கூடாது. ஒருத்தியோடு யாராவது வாக்குவாதப்பட்டால் மற்றவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். முடிந்ததும் கன்ரீனில் இருந்து கதைக்க வேண்டும். ஒரு மட்சில் சீனியர் அக்கா ஒருவர் ஒரு முடிவுக்காக எங்களில் ஒருத்தியிடம் சத்தமாகக் கேட்டார். மற்றவள் நடந்து போய்ப் பக்கத்தில் நின்று, "அக்கா, நானும் கண்டனான்" என்றாள். அவ்வளவுதான். அக்கா திரும்பிப் போய்த் தன்னுடைய இடத்தில் நின்றார், மட்ச் தொடர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே எதுவும் நடந்ததாகத் தெரிந்திருக்காது. எங்களுக்குத் தெரியும்.

அண்ணாவுக்கு அடுத்த வருடம் குழந்தை பிறக்கப்போகிறது. பொறுப்பை விடப்போகிறார். யார் எடுப்பார் என்று இன்னும் தெரியாது. அதனால் இப்போது இரண்டு பேரும் சேர்ந்து அவர் செய்கிற ஒவ்வொரு வேலையையும் எழுதிவைக்கிறோம். யாரிடம் எப்போது கேட்பது, முறைப்பாடு வந்தால் முதலில் என்ன செய்வது, எந்த மைதானத்துக்கு எந்த வழியால் போவது. இதுவரை 12 பக்கம். அவர் போனாலும் ஞாயிறு மட்ச் நடக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

எங்களுடைய வலைப்பந்து மட்சுகள் அடுத்த மாதம் தொடங்குகின்றன. இந்த முறை ஆறு பேர் வேண்டும், நாலு பேர்தான் இருக்கிறோம். விளையாடத் தெரிய வேண்டும் என்றில்லை. சட்டத்தை நாங்கள் சொல்லித்தருவோம். பீடத்தில் இருக்கிற யாராவது இதை வாசித்தால், புதன் பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்துக்கு வாங்கோ. விசில் நாங்கள் வைத்திருக்கிறோம்.